பிரிசில்லா எழுதிய இரண்டு கட்டுரைகள்

பிரிசில்லாவின் கட்டுரையை ஊருக்கெல்லாம் அனுப்பியது ஸ்டான்லிதான். பிற்பாடு அவன் அதை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்தான். எப்படிப் புரட்டினாலும் அந்த இடத்தில் வேறொருவர் பெயர் வந்து உட்காரவில்லை.

அன்று காலை கம்பெனி பஸ் செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் போனில். ஸ்டான்லி மறைமலைநகரில் காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் வடிவம் வெட்டித் தருகிற மெஷின் அது. அதன் முன்னால் நின்றே அவனுடைய முப்பதுகள் கழிந்திருந்தன, அதுவும் காண்ட்ராக்டில். வருஷா வருஷம் லிஸ்ட் போடுவார்கள். பெயர் இருந்தால் வேலை.

போனில் பள்ளிக்கூடத்து குரூப்பிலிருந்து ஒரு லிங்க் வந்திருந்தது. தமிழ் டீச்சர் காயத்ரி போட்டது. ‘ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு மாணவி எஸ். பிரிசில்லா எழுதிய கட்டுரை. படித்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.’ தொட்டதும் திறந்தது. மேலே ஒரு படம். படத்தில் இருந்தது அவனுடைய கைதான். எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை; பாயில் படுத்துத் தூங்கும்போது எடுத்திருக்க வேண்டும். தலைப்பு: என் அப்பாவின் கை.

‘என் அப்பா எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அவர் கையில் எண்ணெய் வாசம் போகாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பம் வாங்க நீட்டும்போதும் அந்த வாசம் இருக்கும். சின்ன வயதில் எனக்கு ஜுரம் வந்தால் அந்தக் கை நெற்றியில் பட்டதும் அப்பா வந்துவிட்டார் என்று கண்ணைத் திறக்காமலே தெரிந்துகொள்வேன்.’

அவ்வளவுதான் படித்தான். அதற்குமேல் எழுத்து நடுங்கியது. பக்கத்தில் இருந்த சம்பத்திடம் போனைக் காட்டினான். சம்பத் மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, அதில் ஓட்டம் குறைந்துபோனதால் கம்பெனிக்கு வந்தவன். வந்த நாளிலிருந்து ஸ்டான்லிக்குப் பக்கத்து சீட்.

“இன்னா அண்ணாத்த, பாப்பாவா எழுதிச்சு இத? எனக்கு அனுப்பு, எங்க வூட்ல காட்றேன்.”

சம்பத்துக்கு அனுப்பினான். கை அதோடு நிற்கவில்லை. ஷிப்ட் குரூப்புக்கு அனுப்பினான், சபைக் குரூப்புக்கு அனுப்பினான், மச்சானுக்கு அனுப்பினான். மீதியை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம் என்று போனைச் சட்டைப் பையில் வைத்தான். பஸ் சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்தில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, அந்த பஸ்ஸிலேயே தன்னைப் போல ஒருவன் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

பிரிசில்லா சின்ன வயதிலிருந்து பேசாத பிள்ளை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்வதே பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்காது என்று பழைய டீச்சர்கள் குறை சொல்வார்கள். காயத்ரி மிஸ் வந்த பிறகுதான் மாறினாள். அந்த அம்மா வகுப்புக்கென்று ஒரு வலைப்பக்கம் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் முதலில் தாளில் எழுத வேண்டும். அப்புறம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு முறை வைத்து டைப் அடிக்க வேண்டும். வகுப்பிலேயே இரண்டு பேர் அதைப் படித்துக் கீழே கேள்வி எழுதுவார்கள். கேள்விக்குப் பதில் சேர்த்துத் திருத்தி எழுதிய பிறகு மிஸ் பார்த்து வெளியிடுவார். பார்க்காததை எழுதாதே, பார்த்ததை விடாதே என்பது அவருடைய சட்டம். புத்தகத்தில் இருப்பதைப் பெயர்த்து எழுதினால் வெளியிட மாட்டார்.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போய் வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் கடற்கரைக் கோயிலைப் பற்றி எழுத, பிரிசில்லா மட்டும் சவாரிக்கு ஆள் வராமல் வெயிலில் நின்றிருந்த குதிரையைப் பற்றி எழுதினாள். அதைப் படித்துவிட்டு மலேசியாவிலிருந்து யாரோ ஒரு பெரியவர், ‘குதிரையின் கண்ணில் மணல் ஒட்டியிருந்ததை எழுதினாயே, நீ நன்றாக வருவாய் மகளே’ என்று பின்னூட்டம் போட்டிருந்தார். அன்று பிள்ளை ராத்திரி சாப்பாட்டின்போது வாய் ஓயாமல் பேசினாள். அவள் அம்மா மார்கரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறை துப்புரவு வேலை செய்கிறவள். நாள் முழுக்கத் தெரியாத மனிதர்களின் படுக்கையை உதறிப் போடுகிறவளுக்கு, தெரியாத மனிதர் ஒருவர் தன் பிள்ளையை மகளே என்று கூப்பிட்டது பெரிய விஷயமாக இருந்தது.

அப்பாவைப் பற்றி எழுதியபோதும் பிரிசில்லா முதலில், ‘என் அப்பா கம்பெனியில் கஷ்டப்பட்டு வேலை செய்கிறார்’ என்றுதான் எழுதினாளாம். வகுப்புத் தோழி ஒருத்தி கீழே கேட்டிருக்கிறாள்: ‘கஷ்டம் என்றால் என்ன கஷ்டம்? எனக்குத் தெரியவில்லை.’ அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் வந்து உட்கார்ந்து கேட்டாள். அதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. ஸ்டான்லி இரண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, இதுதான் பட்டன், இதோ இந்தத் தட்டுதான் மெஷின் என்று விவரம் விவரமாகச் சொன்னான். சொல்லும்போது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் எழுதப்போகிறாள் என்று தெரியும். எதை எழுதுவாள் என்று யோசிக்கவில்லை.

லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பியதற்கு மறுநாள் மத்தியானம் ஷிப்ட் நடுவிலேயே ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். ஹெச்.ஆர். ஆபீசர் ஹரிஹரன் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். டீ வரவழைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் ஸ்டான்லி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேஜைமேல் கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தார். அவனுடைய கை கறுப்பு வெள்ளையில் கிடந்தது.

“உங்க பொண்ணு ரொம்ப நல்லா எழுதுது, ஸ்டான்லி. நிஜமாச் சொல்றேன். என் மிஸஸுக்குக்கூடப் படிச்சுக் காமிச்சேன். நீங்க கடைசி வரைக்கும் படிச்சீங்களா?”

படித்தேன் என்று ஸ்டான்லி தலையாட்டினான். ராத்திரி வீட்டுக்குப் போனதும் அசதியில் தூங்கிவிட்டிருந்தான்.

ஹரிஹரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பகுதியைத் தாமே வாசித்தார். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் பாடம் வாசிப்பதைப் போல வாசித்தார்.

‘அப்பாவின் மெஷினுக்கு இரண்டு பச்சைப் பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கை உள்ளே மாட்டாது, அதற்காகத்தான் இரண்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்பாவின் மெஷினில் ஒரு பட்டனை அமுக்கி அதன்மேல் டேப் ஒட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் அமுக்கலாம், கணக்குக்கு வேகமாக ஓட்டலாம். அப்பாவின் இடது கை ஒவ்வொரு தடவையும் இரும்பு இறங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட அப்பாவின் இடது கை தானாகப் பின்னால் போகும். அப்பாவுக்கு அது தெரியாது. நான் பார்த்திருக்கிறேன்.’

வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். ஸ்டான்லி தன் இடது கையைப் பார்த்தான். அது மடியில் கிடந்தது.

ஹரிஹரன் மிரட்டவில்லை. கார் கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரம் தணிக்கைக்கு வருகிறார்கள் என்றார். இந்த லிங்க் எப்படியோ அவர்கள் வரைக்கும் போயிருக்கிறது என்றார். எப்படிப் போனது என்று கேட்கவும் இல்லை. குரூப்பில் போட்டது யார் என்று அவருக்குத் தெரியும், தெரியும் என்று இவனுக்கும் தெரியும். ஆர்டர் போய்விட்டால் உங்கள் லைனில் இருக்கிற எல்லார் வீட்டுக்கும்தான் பேஜாரு என்றார். லிஸ்ட் இந்த மாதம்தான் போகிறது என்பதைப் போகிற போக்கில் சொன்னார். கட்டுரையை எடுத்துவிடுவது மட்டும் போதாது, நிறையப் பேர் படித்துவிட்டார்கள். பிள்ளையே ஒரு விளக்கம் எழுதி அதே இடத்தில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் நல்லது, உங்களையும் நான் கவனித்துக்கொள்கிறேன் என்றார். என்ன எழுதுவது என்று பிள்ளை தடுமாற வேண்டாம் என்று தாமே நாலு வரி எழுதி வைத்திருந்தார். ஸ்டான்லி அதை மடித்துப் பைக்குள் வைத்தான். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான். குடிக்காமல் எழுந்தால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருந்தது.

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். தலைமை ஆசிரியருக்கு ஏற்கெனவே போன் வந்திருந்தது. அவர் காயத்ரி மிஸ்ஸிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று கைகாட்டிவிட்டு ஏதோ பைலைப் புரட்டினார். காயத்ரி கம்ப்யூட்டர் அறையில் தனியாக இருந்தார். முகம் கறுத்திருந்தது.

கட்டுரையை எடுத்துவிடுகிறேன் என்று உடனே சொன்னார். உங்கள் வேலைக்கு ஆபத்து வரும் என்று தனக்குத் தோன்றாமல் போனது தன் தவறு என்றும் சொன்னார். ஆனால் ஹரிஹரனின் தாளைப் படித்துவிட்டு அதைத் திருப்பி நீட்டினார்.

“இத நான் அவளை எழுதச் சொல்ல மாட்டேன். பார்த்ததை எழுதுன்னு வருஷம் பூரா சொல்லிட்டு, இப்ப அது பொய்னு எழுதுன்னு எந்த வாயால சொல்றது?”

ஸ்டான்லிக்குக் கோபம் வந்தது. அந்த அறையில் கோபப்பட அவர் ஒருத்தர்தான் கிடைத்தார்.

“நீங்க சொல்வீங்க மிஸ். மாசம் பொறந்தா ஒங்க சம்பளம் ஒங்க பேங்க்ல வந்து வுழுந்துரும். லிஸ்ட்ல எம் பேரு இல்லன்னா நான் எங்க போறது? ஒங்க பிளாக்ல வந்து ஒக்காந்துக்கவா?”

காயத்ரி கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவள் கணக்கின் பாஸ்வேர்ட் அவளிடம் இருக்கிறது, அவளாக எழுதி அனுப்பினால் தான் தடுக்கப்போவதில்லை என்றார். தடுக்க மாட்டேன் என்பதைச் சொல்லும்போது இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பிரிசில்லா வீட்டுக்கு வந்தபோதே அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கட்டுரை காணாமல் போனதை வகுப்பே பார்த்திருந்தது. பையை மாட்டிவிட்டு, முகம் கழுவி, அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தாள். மார்கரெட் அன்று ரிசார்ட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. ஸ்டான்லி தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் படித்தாள்.

‘அண்மையில் நான் எழுதிய கட்டுரை முழுக்க முழுக்க என் கற்பனை. என் தந்தை பணிபுரியும் நிறுவனத்தில் பாதுகாப்பு விதிகள் அனைத்தும் முறையாகக் கடைபிடிக்கப்படுகின்றன. யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’

“முழுசும் கற்பனைன்னு போடணுமாப்பா? மெஷினைப் பத்தி மட்டும் போட்டாப் போதாதா?”

“அப்டியே போட்ரும்மா. அவரு எழுதிக் குட்த்த மாதிரியே போட்ரு.”

“அப்போ உன் கையும் கற்பனையா?”

அவன் வேலை போனால் என்ன ஆகும் என்று விளக்கினான். அவளுடைய படிப்பு, அம்மாவின் மூட்டு வலி, வாடகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அதெல்லாம் ஹரிஹரன் பேசுகிற மாதிரி இருந்தது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. போனை வாங்கி டைப் அடிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, “கடைப்பிடிக்குறதுக்கு நடுவுல ‘ப்’ வரும்ப்பா. அவரு தப்பா எழுதியிருக்காரு” என்றாள். திருத்திப் போட்டாள். அனுப்பிவிட்டுப் போனை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

ராத்திரி மார்கரெட் வந்து விஷயம் தெரிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: “நீ குரூப்ல போடாம இருந்தா கம்பெனிக்காரனுக்கு எப்டிய்யா தெரியும்?”

மறுநாள் அந்த நாலு வரி வலைப்பக்கத்தில் வந்தது. கீழே கருத்து எழுதும் இடத்தை மூடியிருந்தார்கள்.

லிஸ்டில் பெயர் இருந்தது. அதோடு ஹரிஹரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். தணிக்கை முடிந்த கையோடு ஸ்டான்லியை பிரஸ்ஸிலிருந்து எடுத்து இன்ஸ்பெக்ஷனில் போட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. வெட்டி வந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, பிசிறு இருந்தால் ஒதுக்க வேண்டும். பொங்கலுக்கு முன்னால் பர்மனென்ட் ஆர்டரும் கொடுத்தார்கள். சபையில் ஜெபம் வைத்தார்கள். தணிக்கை நடந்த அந்த ஒரு நாள் பட்டனில் டேப் இல்லை. மறுநாள் ஒட்டிவிட்டார்கள். ஸ்டான்லி விட்டு வந்த மெஷினில் சம்பத்தை நிறுத்தியிருந்தார்கள்.

அது ஸ்டான்லிக்குத் தெரியாமல் இல்லை. இன்ஸ்பெக்ஷன் மேஜையிலிருந்து நிமிர்ந்தால் சம்பத்தின் முதுகு தெரியும். பஸ்ஸில் சம்பத் பக்கத்தில் உட்காரும்போது, கையைப் பாத்துக்கோ மச்சான் என்று சொல்வான். சம்பத் சிரிப்பான். பாப்பாதான் எழுதி வெச்சுகீதே அண்ணாத்த, நான் குக்கர் விசிலுக்கே ஓடிருவேன் என்பான். அவன் அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்திருந்தான். அவன் மனைவி வேண்டாவும் படித்திருந்தாள்.

அடுத்த மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் நடந்தது. மின்சாரம் போய் வந்து லைன் பின்தங்கியிருந்தது. சூப்பர்வைசர் ஒவ்வொரு மெஷினாகப் போய் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். ஸ்டான்லி சத்தத்தைக் கேட்கவில்லை. சத்தம் நின்றதைத்தான் கேட்டான். எல்லா மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஓடிப்போய்ப் பார்த்தபோது சம்பத் நின்றுகொண்டுதான் இருந்தான். முகத்தில் வலி இல்லை, ஏதோ கேட்க நினைத்து மறந்துபோனவன் மாதிரி இருந்தான். இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருந்தது.

அவன் கையைத் துணியில் சுற்றி அவனைக் கம்பெனி வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் சூப்பர்வைசர் வந்து பட்டனிலிருந்து டேப்பைப் பிய்த்தான். ஒட்டின பசை பட்டனைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது. பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் அதைத் துடைத்துப் பச்சை தெரிகிற வரைக்கும் தேய்த்தான். ஸ்டான்லி பார்த்துக்கொண்டு நின்றான். அவனோடு இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

விசாரணைக்கு அரசாங்க அதிகாரி வந்தபோது ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் கேட்டார். மெஷின் சரியாக இருந்ததா, பட்டன் இரண்டும் வேலை செய்ததா. ஸ்டான்லியின் முறை வந்தது. “நான் அப்போ இன்ஸ்பெக்ஷன்ல இருந்தேன் சார்” என்றான். அது பொய்யில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். ஹரிஹரன் பக்கத்து நாற்காலியில் இருந்தார். இவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் தேவலை என்று ஸ்டான்லிக்கு அப்புறம் தோன்றியது.

வேண்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டான்லி குடியிருக்கும் காலனிக்கு வந்தாள். மாமல்லபுரத்துக்கு மேற்கே உள்தள்ளிய ஊர்க்காரி. நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண். எந்தக் காலனிக்குள்ளும் அவள் அதுவரை நுழைந்திருக்க மாட்டாள். விசாரித்து விசாரித்து வந்திருந்தாள். மார்கரெட் கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.

“ஸ்டான்லி அண்ணா, பாப்பா எழுதிச்சே ஒண்ணு, அந்த டேப்பு ஒட்டின சங்கதி. அது எனுக்கு வோணும். வக்கீலு கேக்கறாரு. இவுரு போன்ல இருந்த லிங்க்கத் தொட்டா ஒண்ணுமே இல்லன்னு வருது.”

நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட மனுவுக்குக் கம்பெனி தன் பதிலில் சம்பத்தின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறதாம். டேப் என்று ஒன்று இருந்ததே இல்லையாம். வக்கீல், முன்னாடியே ஒரு பிள்ளை இதை எழுதி வெளியிட்டிருந்தால் அது பெரிய பலம் என்றாராம். இவள் அதைச் சொன்னதும் கம்பெனி வக்கீல் இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தாராம். வேண்டா அதைப் பையிலிருந்து எடுத்து விரித்தாள். அதே நாலு வரி. முழுக்க முழுக்க என் கற்பனை. கடைப்பிடிக்கப்படுகின்றன. அது இன்னும் வலைப்பக்கத்தில் இருந்தது. யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

ஸ்டான்லி தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் கட்டுரை அழிந்துவிட்டது, ஸ்கூலில் அழித்துவிட்டார்கள் என்றான். உள்ளறையிலிருந்து பிரிசில்லா வந்து நின்றாள்.

“தாள்ல எழுதினது எங்கிட்ட இருக்குக்கா. அதத் திருத்தி எழுதினதும் இருக்கு. ஆனா அதக் காட்டினா, இந்த நாலு வரிய யாரு எழுதினான்னு கேப்பாங்க இல்ல?”

வேண்டா அவளைப் பார்த்தாள். “நீ வந்து எது நெசம்னு சொல்லும்மா. அது போதும்.”

பிரிசில்லா அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். மார்கரெட், “போலாம். நான் கூட்டிக்கினு வரேன்” என்றாள். ஸ்டான்லியைக் கேட்கவில்லை. அவனும் தடுக்கவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

செங்கல்பட்டில் தொழிலாளர் ஆபீசுக்குப் போன அன்று அவன் ஷிப்டுக்குப் போனான். அங்கே என்ன நடந்தது என்பதை மார்கரெட்தான் பிற்பாடு துண்டு துண்டாகச் சொன்னாள். பிரிசில்லா நன்றாகத்தான் பேசினாளாம். பள்ளிக்கூட உடுப்பில் நின்று, முதல் கட்டுரைதான் உண்மை, இரண்டாவதை எழுதச் சொன்னார்கள், எழுதினேன் என்றாளாம். யார் சொன்னார்கள் என்று கம்பெனி வக்கீல் கேட்டாராம். “எங்கப்பா” என்றாளாம். அப்படியென்றால் உன் அப்பா ஏன் இங்கே வரவில்லை, அந்த மெஷினில் நின்றவர் அவர்தானே என்று அடுத்த கேள்வி. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாளாம். அன்றைக்கு ஒன்றும் இன்றைக்கு ஒன்றுமாக மாற்றிப் பேசுகிற குழந்தையின் வார்த்தையை வைத்து என்ன செய்வது என்று அவர் மரியாதையாகவே சொன்னாராம். காயத்ரி மிஸ்ஸைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாவின் வக்கீல் ஆள் அனுப்பியபோது, மாணவி எழுதியதை வெளியிட்டேன், மெஷினை நான் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதுவும் பொய்யில்லை.

கடைசியில் சமரசம் என்று முடிந்தது. சட்டப்படி எது கட்டாயமோ அது கிடைத்தது. குற்றம் யாருடையது என்ற பேச்சு மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை. அந்த மெஷினில் வேறு ஆள் நின்றான்.

பத்தாம் வகுப்பில் பிரிசில்லா நல்ல மார்க் வாங்கினாள். வலைப்பக்கம் இப்போதும் இருக்கிறது. அதில் ஒரு மதிப்பெண் வினாக்களும் மாதிரி வினாத்தாள்களும் பாடத்தின் படங்களும் வருகின்றன. பிள்ளைகள் எழுதுவதில்லை, பதிவிறக்கம் செய்துகொள்கிறார்கள். முன்மாதிரி வகுப்பு என்று பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நாலு வரியைப் பிரிசில்லா ஒருநாள் தானே எடுத்துவிட்டாள். அதைச் சொல்லவும் இல்லை. ஸ்டான்லி ஒரு மத்தியானம் தேடிப் பார்த்தபோது அது இல்லை. குதிரையைப் பற்றி எழுதியதும் இல்லை. தன் பெயரில் இருந்த எல்லாவற்றையும் அவள் அழித்திருந்தாள்.

அவனோடு பேசாமல் ஒன்றும் இல்லை. சாப்பிட வாப்பா என்பாள், பஸ் வந்துருச்சு என்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவனிடம் எதையும் கேட்பதுதான் நின்றுபோயிருந்தது.

ஒருமுறை மார்கரெட்டை அழைத்து வர ரிசார்ட்டுக்குப் போனபோது மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேண்டாவின் நாஸ்தா கடையைப் பார்த்தான். புதிதாகப் போட்டிருந்தாள். உள்ளே சம்பத் வலது கையால் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தான். இடது கையை ஒரு துண்டில் சுற்றியிருந்தான். வண்டியைத் திருப்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் சம்பத் பார்த்துவிட்டான்.

“வா அண்ணாத்த, ஒக்காரு. பாப்பா எப்டி கீது?”

நல்லா இருக்கு என்றான் ஸ்டான்லி. சம்பத் இலையைப் போட்டு இட்லி வைத்தான். அவன் குரலில் ஒரு குறையும் இல்லை. பாப்பா அன்னைக்கு வந்து சொன்னதை நாங்க மறக்க மாட்டோம் என்றான். வேண்டா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் திரும்பவே இல்லை. கிளம்பும்போது ஸ்டான்லி இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பின்னால் வந்த கூட்டம் நகரச் சொன்னது.

மார்ச் மாதம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம். கேட்டில் பச்சைக் கொடி, கேன்டீனில் இனிப்பு. இந்த வருஷம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டியும் வைத்திருந்தார்கள். தலைப்பு ‘பாதுகாப்பே முதன்மை’. நன்றாக இருப்பதைக் கம்பெனியின் வலைத்தளத்தில் படத்தோடு வெளியிடுவார்கள். ஹரிஹரன் இன்ஸ்பெக்ஷன் பக்கம் வந்தபோது ஸ்டான்லியின் மேஜையருகே நின்றார்.

“ஸ்டான்லி, உங்க பொண்ணு பேரைக் குடுக்கலையே. நல்லா எழுதுற பொண்ணாச்சே அது.”

ஸ்டான்லி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். குத்திக்காட்டுகிறாரா என்று கண்ணில் தேடினான். அப்படி ஒன்றும் இல்லை. சிரித்த முகமாக நின்றார். பெண் நன்றாக எழுதும் என்பது மட்டும் அவருக்கு நினைவில் இருந்தது. எதை எழுதினாள் என்பது மறந்தே போயிருந்தது.

“பரீட்சை சார்” என்றான் ஸ்டான்லி.

படிக்கட்டும், படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஹரிஹரன் அடுத்த மேஜைக்குப் போனார். டிரேயில் பாகங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஸ்டான்லி ஒன்றை எடுத்தான், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான், பிசிறு இல்லை, நல்லதின் பக்கம் வைத்தான்.